எச்எஸ்ஏ (அமெரிக்காவில் மருத்துவச் செலவுக்காக வரியில்லாமல் சேமிக்கும் கணக்கு) கணக்கில் யாரும் பணமே போடுவதில்லை, எப்படிப் புரியவைப்பது?

ராஜி_டல்லாஸ்:
டல்லாஸ் பக்கம் 40 பேர் இருக்கிற சின்ன ஐடி கம்பெனியில் எச்ஆர் வேலை எனக்கு, பாதிக்கு மேல் நம்ம ஊர்க்காரர்கள். பிரீமியம் குறைவு என்று நிறையப் பேர் டிடக்டபிள் (இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் நாமே கட்ட வேண்டிய தொகை) அதிகமுள்ள மருத்துவ இன்ஷூரன்ஸ் பிளானை எடுத்துவிட்டார்கள், ஆனால் அதோடு வருகிற எச்எஸ்ஏவில் தங்கள் பங்காக ஒரு டாலர் போடவில்லை. கம்பெனி போடும் 500 டாலரும் அப்படியே கிடக்கிறது. 30 ஸ்லைடு போட்டு விளக்கினேன், கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்த்தார்கள். கடைசியில் ஒரு தம்பி, "டிசம்பருக்குள்ள செலவு பண்ணலன்னா போயிடுமே அக்கா" என்றான். அப்படிப் போவது எஃப்எஸ்ஏ என்கிற இன்னொரு மருத்துவச் செலவுக் கணக்கில்தான், இதில் இல்லை. இரண்டையும் ஒன்று என்றே நினைத்திருக்கிறார்கள்! நீங்கள் எல்லாம் என்ன செய்தீர்கள்?

பேரோல்_பாண்டி:
ஸ்லைடைத் தூக்கிப் போடுங்கள், பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டை) காட்டுங்கள். 22 சதவீத வரி வரம்பில் இருப்பவர் ஒவ்வொரு சம்பளத்திலும் 100 டாலர் போட்டால், வருமான வரியில் 22 டாலரும், சம்பளத்தில் பிடிக்கிற சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகளில் 7.65 டாலரும் மிச்சம், ஆக கையில் குறைவது 70 டாலர் சொச்சம்தான். இதைப் பார்த்ததும் எங்கள் ஆபீஸில் அன்றைக்கே நாலு பேர் பணம் போட ஆரம்பித்தார்கள். ஒன்று, பேரோல் வழியாக (சம்பளத்திலேயே பிடித்து) போட்டால்தான் அந்த 7.65 மிச்சம், பேங்கிலிருந்து நேராகப் போட்டால் கிடையாது. 2026-க்கு உச்சவரம்பு தனிநபருக்கு 4,400, குடும்பத்துக்கு 8,750, கம்பெனி போடுவதும் இதற்குள் அடக்கம். வேலை மாறினாலும் கணக்கு அவர்களுடையதுதான். எச்1பி விசாவில் வேலை பார்க்கிற ஆட்களுக்கு இதை முதலில் சொல்லுங்கள், வேலை மாறினால் பணம் போய்விடுமோ என்பதுதான் அவர்களுக்கு இருக்கிற பயமே.

எடிசன்_அம்மா:
பாண்டி சொல்வது டெக்சாஸுக்குச் சரி. நியூஜெர்சி, கலிஃபோர்னியாவில் மாநில வரியில் இந்தச் சலுகை இல்லை, அங்கிருந்து ரிமோட்டில் வேலை பார்ப்பவர் யாராவது இருந்தால் தனியாகச் சொல்லிவிடுங்கள். இன்னொரு வம்பு, கணவன் அல்லது மனைவியின் ஆபீஸில் சாதாரண எஃப்எஸ்ஏ இருந்தால் உங்கள் ஊழியர் எச்எஸ்ஏவில் பணம் போடவே கூடாது. எங்கள் வீட்டில் அவர் பாட்டுக்கு எஃப்எஸ்ஏவில் டிக் அடித்துவிட்டார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான் போட்ட பணத்தையெல்லாம் வரி ஃபைல் செய்வதற்குள் திருப்பி எடுக்க வேண்டியதாயிற்று. என் எச்ஆர் இந்த ஒரு கேள்வியை முன்னாடியே கேட்டிருந்தால் அந்த மார்ச் மாதம் நிம்மதியாகப் போயிருக்கும்.

குமார்72:
உங்கள் ஆட்கள் கட்டாயம் கேட்கப்போவது, "ஊரில் அப்பாவுக்கு ஆபரேஷன், இதிலிருந்து கொடுக்கலாமா?" முடியாது. இந்தியாவில் இருக்கிற இந்தியக் குடிமக்களான பெற்றோரை இங்கே வரியில் டிபெண்டென்டாக (நம்மைச் சார்ந்திருப்பவராக) காட்ட முடியாது, அதனால் அந்தச் செலவு சேராது. எடுத்தால் வருமான வரியோடு 20 சதவீத அபராதமும் உண்டு. ஆனால் நீங்களே லீவில் மதுரை போய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்தால் அது செல்லும், பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள். கணக்கு தொடங்கிய பிறகு வந்த, இதில் செல்லக்கூடிய மருத்துவ பில் எதுவானாலும் பத்து வருடம் கழித்துக்கூட அதைக் காட்டிப் பணம் எடுக்கலாம். நான் இப்போது கைக்காசில் கட்டிவிட்டு, எச்எஸ்ஏ பணத்தை வளரட்டும் என்று இண்டெக்ஸ் ஃபண்டில் (பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் முதலீட்டில்) விட்டிருக்கிறேன், பில் எல்லாம் போனில் ஒரு ஃபோல்டரில். மாதா மாதம் மருந்து வாங்குகிறவருக்கு இது சரிப்படாது, அவர் அப்போதைக்கப்போது எடுத்துக்கொள்வதுதான் நல்லது.

ராஜி_டல்லாஸ்:
குமார் சார், அப்பா ஆபரேஷன் கேள்வி போன வாரமே வந்துவிட்டது, தெரியாமல் முழித்தேன். பாண்டி, என் சொந்த பே ஸ்டப்பையே சம்பளத்தை மறைத்துவிட்டுக் காட்டலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன்னால் நான் முதலில் 100 டாலர் போட ஆரம்பிக்க வேண்டும், என் கணக்கிலும் கம்பெனி போட்ட 500 மட்டும்தான் இருக்கிறது.