ஆர்.ஓ. தண்ணீரில் கப்பி மீன்: பி.ஹெச். 6-க்கு இறங்கிவிட்டது, என்ன செய்வது?

கேள்வி:
வேளச்சேரி. இரண்டடி தொட்டி, மண் போக 60 லிட்டர் நிற்கும். பதினைந்து கப்பி, நாலைந்து நத்தை. எங்கள் போர் தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) 850, கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலம். அது பிடிக்காமல் ஐந்து மாதமாக சமையலறை ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறேன். பளிங்கு மாதிரி இருக்கிறது. ஆனால் போன வாரத்திலிருந்து கப்பிகள் வாலை ஒடுக்கிக்கொண்டு ஓரமாக நிற்கின்றன, மூன்று செத்துவிட்டன. நத்தை ஓட்டில் குழி விழுகிறது. பி.ஹெச். (அமில, கார அளவு) 6 காட்டுகிறது, அதற்குக் கீழே சோதனை கிட்டில் நிறமே இல்லை. கடையில் பி.ஹெச். ஏற்றும் மருந்து கொடுத்தார்கள். ஊற்றினால் ஏறி, மறுநாளே இறங்குகிறது. அளவைக் கூட்டலாமா?

பதில்:
வேண்டாம், அந்த பாட்டிலை மூடி வையுங்கள். மீன் செத்தது மருந்து ஊற்றிய ராத்திரியா?

பி.ஹெச்.சைத் தாங்கிப் பிடிப்பது கே.ஹெச்., அதாவது தண்ணீரில் உள்ள பைகார்பனேட். மீன் கழிவின் அமோனியாவை பாக்டீரியா நைட்ரேட் ஆக்கும்போது அமிலம் உண்டாகும். அந்த அமிலத்தை விழுங்குவது கே.ஹெச்.தான். ஆர்.ஓ. அந்த கே.ஹெச்.சை வடித்துவிடுகிறது. பி.ஹெச். 6-ஐ ஒட்டி இறங்கினால் பாக்டீரியாவும் மந்தமாகிவிடும், அமோனியா தேங்கும். அமிலத் தண்ணீரில் அது அமோனியமாக, அவ்வளவு விஷமில்லாமல் கிடக்கும். திடீரென்று பி.ஹெச். ஏறினால் விஷமாக மாறும். நான் இது தெரியாமல் ஒரு ராத்திரி இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடா கொட்டினேன். காலையில் பதினொரு மீன் மிதந்தது.

அதனால் முதலில் அதே ஆர்.ஓ. தண்ணீரால் கால் பங்கு மாற்றுங்கள், இரண்டு நாள் தொடர்ந்து. பி.ஹெச். ஏறாமல் அமோனியா குறையும். தீனி வேண்டாம். சொட்டு கிட் வாங்கி தொட்டி, போர் இரண்டுக்கும் கே.ஹெச். பாருங்கள். நிறம் மஞ்சளாக மாற எத்தனை சொட்டோ அத்தனை டிகிரி.

இன்னொருவர்:
டி.டி.எஸ். மீட்டரை வைத்து கடினத்தன்மையை முடிவு செய்யாதீர்கள். சாதா உப்பைக் கரைத்தாலும் அது ஏறும். கப்பியும் மோலியும் கடின நீர் மீன்கள். எனக்குக் கலக்காத போர் தண்ணீரிலேயே குட்டி போடுகின்றன. பில்டரில் ஒரு கைப்பிடி கழுவிய கிளிஞ்சல் போடுங்கள், மெதுவாகக் கரையும். சுண்ணாம்பு மட்டும் வேண்டவே வேண்டாம்.

கேட்டவர்:
ஆமாம், மூன்றில் இரண்டு அந்த ராத்திரிதான் போனது. தொட்டியில் முதல் சொட்டிலேயே மஞ்சளாகிவிட்டது. போர் தண்ணீருக்கு 14 சொட்டு. அமோனியா இருந்தது, இரண்டு முறை மாற்றியதும் குறைந்திருக்கிறது.

பதில்:
அமோனியா அறவே தெரியாத வரை மாற்றிக்கொண்டே இருங்கள். அப்புறம் ஒரு பங்கு போர், இரண்டு பங்கு ஆர்.ஓ. கலந்து வாரம் இருமுறை பத்து லிட்டர் மாற்றினால் கே.ஹெச். மெல்ல நாலைந்துக்கு வரும். அவசரத்துக்கு ஆப்ப சோடா போதும்: 60 லிட்டரில் ஒரு டிகிரி ஏற்ற 1.8 கிராம். ஆனால் அதில் கால்சியம் கிடையாது, நத்தை ஓட்டுக்கு உதவாது. அதற்குப் போர் தண்ணீர்தான். சலவை சோடாவை மாற்றி எடுத்துவிடாதீர்கள், அது வேறு.

கேட்டவர்:
மூன்று வாரம் ஆயிற்று. கே.ஹெச். 4, பி.ஹெச். 7.2. வால் விரிந்துவிட்டது. நேற்று ஆறு குட்டி எண்ணினேன். கண்ணாடியில் படலம் திரும்ப வந்திருக்கிறது. வரட்டும், துடைத்துக்கொள்கிறேன்.