பழைய ஜிப்சியில் பகல் லைட்டை அணைத்த கதை

ஒத்தக்கடை ஜிப்சி:

என் வண்டி 2006 மாருதி ஜிப்சி ஜீப், 1.3 லிட்டர் பெட்ரோல். நான் மூன்றாவது கை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதைக் கோயில் காளை மாதிரி ஜோடித்திருந்தார். கண்ணாடி ஓரமாக ஸ்நார்க்கல் (எஞ்சினுக்கு மேலிருந்து காற்று இழுக்கிற குழாய்), வின்ச் (சேற்றில் மாட்டினால் இழுக்கிற கயிற்று உருளை) இல்லாத வின்ச் பம்பர், அந்த பம்பருக்குள் விரல் அகலத்தில் ரெண்டு எல்இடி பட்டை. எஞ்சின் பிடித்த அடுத்த நொடி ரெண்டும் பளீரென்று எரியும். அணைக்கச் சுவிட்ச் கிடையாது. விற்றவரிடம் கேட்டதற்கு, "அது டிஆர்எல் சார், பகல் லைட்டு, அப்படித்தான் எரியும். பெரிய வண்டியில எல்லாம் இருக்குல்ல" என்றார்.

பெரிய வண்டியில் இருந்துவிட்டுப் போகட்டும். திருமோகூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். எதிரே வருகிறவர் ஒருத்தர் பாக்கியில்லாமல் விரலைக் குவித்துக் குவித்து விரிப்பார்கள். மொபெட்டில் வருகிற பால்காரர், பள்ளிக்கூட வேன் டிரைவர், திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிற பெரியவர். ஒரு நாள் தலையில் புல்லுக்கட்டோடு ஓர் அம்மா வந்தார். கட்டைப் பிடித்திருந்த ரெண்டு கையில் ஒன்றை எடுத்து, கட்டு ஒரு பக்கம் சரியச் சரிய, எனக்குச் சாடை காட்டிவிட்டுத்தான் போனார். நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய? அணைக்கிற வழி என்னிடம் இருந்தால்தானே!

2017 ஏப்ரலிலிருந்து புது பைக்குகளில் ஹெட்லைட் தானாக எரியும், சுவிட்சே கிடையாது என்று ஆனபோதும் இதே கதைதான். கொஞ்ச காலம் கை காட்டிக் காட்டி ஓய்ந்துபோனார்கள். இப்போது பைக்குக்கு யாரும் காட்டுவதில்லை. பழைய ஜீப்பைக் கண்டால் மட்டும் 'பாவம், மறந்துட்டு வர்றான்' என்று இன்னமும் இரக்கப்படுகிறார்கள்.

சரி, சாடைக்காக மட்டும் நான் இதில் கை வைக்கவில்லை. பேட்டரிதான் காரணம். வெள்ளிக்கிழமை ராத்திரி நிறுத்திய வண்டி திங்கள் காலை செல்ஃப் எடுக்காது. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ரெண்டு தடவை தெருப் பையன்கள் தள்ளிவிட்டுத்தான் கிளம்பினேன். பேட்டரி கடையில் "செல் போச்சுண்ணே" என்றார்கள். புதுசு போட்டேன். மூன்றாவது வாரம் அதே 'டிக்'. அப்புறம் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டி, "தம்பி, ஒங்க வண்டி முழிச்சுக்கிட்டே இருக்கு, போய் என்னன்னு பாருங்க" என்றார். சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. வாசலில் பட்டை ரெண்டும் ஜெகஜோதியாக எரிகின்றன.

மறுநாள் மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன். சிவப்பு முனை 10 ஆம்பியர் ஓட்டையில். சாவி போடாமலே 1.1 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. இப்படி மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டருக்குள் இருக்கிற ஃபியூஸ் போய்விடும். 35 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரி இந்தக் கசிவுக்கு ஒன்றரை நாள்கூடத் தாங்காது. கடைக்காரர் பழைய பேட்டரியின் தலையில் பழியைப் போட்டிருக்கவே வேண்டாம். அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். வைப்பர் தண்ணீர் டப்பாவுக்குப் பின்னால் கறுப்பு டேப் சுற்றி, தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து பட்டைகளுக்குப் போகிற ஒயர் போக இன்னும் மூன்று. சிவப்பு நேராக பேட்டரிக்கு, கறுப்பு பாடிக்கு. ஆரஞ்சு நிற ஒயர் எங்கேயும் போகாமல் நறுக்கி விடப்பட்டிருந்தது. சிவப்பில் ஃபியூஸே இல்லை.

இந்த மாதிரிப் பெட்டிக்குச் சாவி போட்டிருக்கிறதா இல்லையா என்பது தெரியாது. பேட்டரி வோல்டேஜை மட்டும்தான் பார்க்கும். எஞ்சின் ஓடினால் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் பக்கம் ஏற்றும்; அதைப் பார்த்து லைட்டைப் போடும். எஞ்சின் நின்று 12.6 பக்கம் இறங்கினால் அணைக்க வேண்டும். என் பெட்டியைப் பிரித்தால் உள்ளே பூராம் பச்சைக் களிம்பு. தண்ணீர் டப்பாவின் மூடி ஒழுகி ஒழுகி அதன் மேலேயே சொட்டியிருக்கிறது. அப்புறம் எங்கே அணைப்பது?

மெக்கானிக் அண்ணன் கட்டிங் பிளேயரை எடுத்துவிட்டார். "ஒரு வெட்டு, முடிஞ்சு போச்சு." நான் விடவில்லை. ஃபியூஸ் இல்லாத சிவப்பு ஒயரைப் பெட்டிப் பக்கம் வெட்டினால், பேட்டரியோடு உயிராக இருக்கிற முனை பானட்டுக்குள் தொங்கும். ஆடி ஆடி என்றைக்காவது பாடியில் பட்டால் பொறி பறக்கும். ஓடுவதோ பெட்ரோல் வண்டி. பேட்டரி முனையிலேயே கழற்றி ஒயரை முழுசாக உருவி எடுத்தோம்.

அப்புறம் சாதாரண ரிலே (சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கிற சுவிட்ச்) ஒன்று, 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று, டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் நம்பர் காலுக்கு. 87இலிருந்து பட்டைகளுக்கு. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற லைன் சுவிட்ச் வழியாக 86க்கு. 85 எர்த். சாமான் எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குள் முடிந்தது. வேண்டும்போது எரியும், ஊருக்குள் எரியாது. பட்டையைக் கழற்றி எறியாததற்குக் காரணம் சிறுமலை. அந்தப் பதினெட்டு வளைவில் காலை நேரத்து மூட்டத்தில் எதிரே இறங்குகிற பஸ்காரருக்கு நாம் சீக்கிரம் தெரிந்தால் நமக்குத்தான் நல்லது.

வேறு யாராவது இதோடு மல்லுக்கட்டியிருந்தால் சொல்லுங்கள்.

உசிலம்பட்டி கமாண்டர்:

அணைத்தீர்கள், பிழைத்தீர்கள். நான் அணைக்காமல் பட்டதைச் சொல்கிறேன்.

ஐப்பசி மழை, சாயங்காலம் ஆறு மணி இருக்கும். தேனி போகிற வழியில் ஆண்டிபட்டி கணவாய் ஏறிக்கொண்டிருக்கிறேன். பம்பரில் இதே மாதிரிப் பட்டை எரிகிறது. முன்னால் ஈர ரோடு வெள்ளையாகத் தெரிகிறது, அதனால் லைட் போட்டுத்தான் ஓட்டுகிறேன் என்றே நினைப்பு. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. வழி விட்டேன். தாண்டும்போது கிளீனர் பாதி உடம்பை வெளியே நீட்டி, "யோவ், பின்னாடி ஒண்ணுமே எரியல. சாவுறதுக்கு இந்த ரோடுதான் கெடச்சுச்சா?" என்று கத்திவிட்டுப் போனான்.

ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் பின்பக்கம் கும்மிருட்டு. பகல் லைட் முன்னால் மட்டும்தான் எரியும், அதோடு சிவப்பு லைட் எரியாது. இது எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் முன்னால் வெளிச்சத்தைப் பார்த்ததும் கை சுவிட்ச் பக்கம் போகவே இல்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே அடையாளம்தான்: மீட்டர் போர்டு இருட்டாக இருந்தால் பின்னாலும் இருட்டு. பார்க்கிங் லைட் போட்டால்தான் என் வண்டியில் மீட்டருக்குள் பல்ப் எரியும்.

வாரம் திரும்புவதற்குள் பட்டையைக் கழற்றிவிட்டேன். சுவிட்சும் வேண்டாம், ரிலேவும் வேண்டாம். என் புத்தி எனக்குத் தெரியும்.

கறுப்பு டேப்:

இருபது வருஷமாக ஒயரிங் வேலைதான் பார்க்கிறேன். ஒத்தக்கடை தம்பி, அந்த நறுக்கி விட்ட ஆரஞ்சு ஒயர்தான் முக்கியமானது. அதைப் பார்க்கிங் லைட் லைனில் கொடுத்தால், பார்க்கிங் போட்டதும் பட்டை மங்கும், இல்லையென்றால் அணையும். மாட்டின ஆளுக்கு அந்த லைனைத் தேடப் பொறுமை இல்லை, நறுக்கிவிட்டான். இந்த மாதிரி வேலையைப் பிரித்துப் பிரித்தே எனக்குப் பாதிப் பிழைப்பு ஓடுகிறது.

நீங்கள் போட்ட ரிலே சரிதான். இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள், அஞ்சு கால் ரிலே. முதல் ரிலேயின் 87இலிருந்து வருவதை இதன் 30க்குக் கொடுத்து, நடுவில் இருக்கிற 87ஏ-யிலிருந்து பட்டைக்கு எடுங்கள். 86க்குப் பார்க்கிங் லைன், 85 எர்த். பார்க்கிங் போட்டால் பட்டை தானாக அணையும். சுவிட்சை மறந்தாலும், பொழுது சாய்ந்து பார்க்கிங் போட்டதும் முன்னால் இருட்டாகத் தெரியும், கை ஹெட்லைட்டைத் தேடும். பார்க்கிங் போடவே மறந்தால் மட்டும் கமாண்டர் அண்ணனுக்கு நடந்ததுதான் நடக்கும்.

ஹெட்லைட்டையே பகல் லைட்டாக மாற்றி வைத்திருக்கிற ஜீப்பும் என்னிடம் வருகிறது. 55 வாட் ரெண்டு, மொத்தம் 9 ஆம்பியருக்கு மேல். பழைய ஸ்டீரிங் சுவிட்ச் எத்தனை நாள் தாங்கும்? உருகிப்போனதைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள். அந்த மாதிரி மாற்றி வைத்ததைப் பிரித்து எடுக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். ஜப்பான் டிசைனில் வந்த சில பழைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு எர்த் பக்கம்தான் சுவிட்ச். பல்பின் ஒரு காலில் எப்போதும் பாசிட்டிவ் நிற்கும். அது தெரியாமல் டெஸ்ட் லாம்பை வைத்துவிட்டு "எல்லா ஒயரிலும் கரண்ட் வருது" என்று குழம்பி, ஹார்னஸையே (வண்டியின் மொத்த ஒயர் கட்டை) கிழித்துப் போட்ட ஆட்கள் உண்டு.

வாடிப்பட்டி மேஜர்:

என்னுடையது சின்ன விஷயம்தான். பட்டை சும்மா எரிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. என் மகன் வாங்கி மாட்டியது மினுக் மினுக்கென்று அடிக்கிற ரகம். அறுவடை முடிந்த வயலில் கிடை போட ராமநாதபுரம் பக்கமிருந்து ஆடு ஓட்டி வருவார்கள் இல்லையா, கால்வாய்க் கரையில் நூறு நூத்தம்பது உருப்படி எதிரே வந்தன. நான் பைய நிறுத்திவிட்டேன். எஞ்சினை அணைக்கவில்லை. முன்னால் வந்த ஆடுகள் அப்படியே நின்று, அங்கிட்டும் இங்கிட்டும் சிதறி, நாலைந்து கரையிலிருந்து சரிந்து சேற்றில் விழுந்தன. கிடைக்காரர் சத்தமெல்லாம் போடவில்லை. கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, "அய்யா, அதைக் கொஞ்சம் பொத்துங்க" என்றார். ரெண்டு கையாலும் பொத்தினேன், ஒரு பக்கத்துப் பட்டையை. இன்னொரு பக்கத்தை அவர் தன் துண்டால் மூடினார். எஞ்சினை அணைத்தால் போதும் என்பது ஆடெல்லாம் தாண்டிப் போன பிறகுதான் உறைத்தது.

கால்கரியில் ஒரு மதுரைக்காரன்:

நம்ம ஊரில் ஜீப்புக்கு வெளியே வாங்கி மாட்டுகிறோம். இங்கே கனடாவில் 1990 முதல் விற்கிற புது வண்டிக்கெல்லாம் பகல் லைட் கட்டாயம். என் பழைய ஜீப் ரேங்லரில் அதற்கென்றே தனி மாட்யூல் உண்டு. குளிர்காலத்தில் சூரியன் தாழவே நிற்கும், கண் கூசும், எதிரே வருகிற வண்டி பனியோடு பனியாகக் கரைந்துபோகும். அதனால் ரோட்டில் நான் அதில் கை வைப்பதில்லை.

காட்டுக்குள் கூடாரம் போட்டு, ராத்திரியில் வண்டியை நகர்த்தும்போதுதான் தொந்தரவு. பக்கத்துக் கூடாரத்துக்காரர் முகத்திலேயே அடிக்கும். பல வண்டிகளில் ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் பகல் லைட் எரியாது. அதனால் ஒரு கிளிக் மட்டும் இழுத்து வைத்து ஓட்டுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நானும் செய்தேன். ஹேண்ட்பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருப்பது பழகிப்போய், ஒரு தடவை நிஜமாகவே பாதி இழுத்த பிரேக்கோடு மலை இறங்கிவிட்டேன். டிரம்மிலிருந்து வந்த நாற்றம் ரெண்டு நாள் போகவில்லை. பிரேக் ஷூ மாற்றினேன். வண்டிக்கு வந்த சர்க்யூட் படத்தைப் பார்த்து எந்தப் பிளக் என்று கண்டுபிடித்துக் கழற்றுங்கள், திரும்ப மாட்ட முடிகிற மாதிரி. ஹேண்ட்பிரேக் வித்தை வேண்டாம்.

ஒத்தக்கடை ஜிப்சி:

கறுப்பு டேப் அண்ணே, ஞாயிற்றுக்கிழமை அஞ்சு கால் ரிலேயை மாட்டிவிட்டேன். முதலில் 87க்கும் 87ஏ-க்கும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். பகலில் இருட்டு, பார்க்கிங் போட்டால் பட்டை எரிகிறது. ஹோல்டரைத் திருப்பிப் பிடித்துப் பார்த்ததில் வந்த கோளாறு. காலை மாற்றிச் செருகினதும் சரியாகிவிட்டது. தண்ணீர் டப்பாவுக்குப் புது மூடியும் வாங்கிவிட்டேன்.

இன்று காலை மறுபடி மீட்டர் வைத்தேன். 0.02 ஆம்பியர். அது ஸ்டீரியோவுக்குள் இருக்கிற கடிகாரம், அதை விட்டுவிட்டேன்.