விண்கல் தேடி சஹாரா போறது தப்பா?

பாறைப்பித்தன்:
நைஜர் பாலைவனத்துல 2023-ல கெடைச்ச 24.67 கிலோ செவ்வாய் கிரகத்து விண்கல்லு, 2025 ஜூலைல நியூயார்க் ஏலத்துல சுமார் 53 லட்சம் டாலருக்கு போச்சுல்ல, அதுக்கப்புறம் விண்கல் தேடி போற எல்லாரையும் திருடன் மாதிரி பேசுறாங்க, எனக்கு கோவமா வருது. 2011-ல மொராக்கோல டிசிந்த் பக்கம் செவ்வாய் கல்லு விழுந்துச்சு, மூணு மாசத்துல தேடி எடுத்தது அங்க இருக்கற நாடோடிங்க தான். வாங்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சதால தானே தேடுனாங்க? லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துக்கு அதுல 1.1 கிலோ துண்டு புதுசு கலையாம போனதும் அதனால தான்.

நிலவியல் மாணவி:
லண்டனுக்கு போச்சு சரிண்ணா, நைஜருக்கு என்ன கெடைச்சுது? அங்க விசாரணை ஆரம்பிச்சதே ஏலம் முடிஞ்சப்புறம் தான். சஹாரா கல்லுங்க பாதிக்கு மேல எங்க கெடந்துச்சுன்னே தெரியாம கை மாறி வந்து வெறும் நம்பரோட நிக்குது. அதவிட கொடுமை காந்தம். கம்பு நுனில நியோடைமியம் காந்தத்த கட்டி இரும்பு இருக்கான்னு ஒவ்வொரு கருப்பு கல்லா ஒட்டி பாக்கறாங்க, ஒரு தடவ பட்டாலே அது பொறந்த எடத்து காந்தப்புலம் உள்ள விட்டுட்டு போன பழைய காந்தப் பதிவு போயிடும். பிளாக் பியூட்டின்னு சொல்ற செவ்வாய் கல்லுல 440 கோடி வருஷ பழைய துகள் இருக்கு, அதோட துண்டுங்கள ஆராய்ஞ்சா காந்தம் பட்டு பதிவு அழிஞ்சிருந்துச்சு. இனி அத எங்க போய் தேடுவீங்க?

பாறைப்பித்தன்:
காந்தம் இல்லாமலே தேடலாம்மா. மேல மெல்லிசா கருப்பு தோல் இருக்கும், உடைஞ்ச எடத்துல சாம்பல் கலரு, வெயில்ல திருப்புனா இரும்பு பொட்டு பொட்டா மின்னும். நான் ஜிபிஎஸ் குறிச்சு போட்டோ எடுத்துட்டு தான் கையே வைப்பேன்.

மணல்மேடு:
ரெண்டு பேரும் சட்டத்த விட்டுட்டீங்க. ஓமன்ல அனுமதி இல்லாம ஒரு கல்லு கூட வெளிய கொண்டு போக முடியாது. ஹாபின்னா அமெரிக்கா போங்க, அங்க பிஎல்எம்-னு சொல்ற மத்திய அரசு நில நிர்வாகத் துறையோட நிலத்துல வருஷத்துக்கு 10 பவுண்டு வரைக்கும் தரைமேல கெடக்கறத எடுத்துக்கலாம், ஆனா விக்கக் கூடாது.

பாறைப்பித்தன்:
விக்காம இருக்க நான் ரெடி. ஆனா வெயில்ல நடந்து பொறுக்குற நாடோடிக்கு காசு குடுக்காம கல்லு எப்படி வெளிய வரும்?

நிலவியல் மாணவி:
காசு குடுங்கண்ணா, யாரு வேணாம்னா. விண்கல்லுக்கு அதிகாரபூர்வமா பேரு பதிவாகணும்னா 20 கிராமோ கல்லோட 20 சதவீதமோ, எது கம்மியோ அத ஒரு ஆய்வு நிறுவனத்துல வைக்கணும்ல, அந்த துண்ட ஐரோப்பாவுக்கு அனுப்பாம மொராக்கோல இருக்கற காசாபிளாங்கா பல்கலைக்கழகத்துல குடுங்க. அங்கயே விண்கல் ஆராய்ச்சி பண்றவங்க இருக்காங்க.