240 ஹெர்ட்ஸ் ஓலெட் மானிட்டருக்கு மூவாயிரம் வெள்ளியா? சுங்கை சிப்புட் ஆளுங்க சொல்லுங்க

தோட்டத்து_ஸ்னைப்பர்:
வணக்கம். போனஸ் வந்திருக்கு. அம்மாவுக்குக் கொடுத்தது போக கையில கொஞ்சம் நிக்குது. 27 அங்குலம், 1440பி தெளிவு, 240 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 240 படம்) ஓலெட் (ஒவ்வொரு பிக்சலும் தானா ஒளிர்ற திரை) ஒன்னு மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்) சுத்தி விக்கிறாங்க. இப்ப வச்சிருக்கிறது பழைய 60 ஹெர்ட்ஸ், வேலை இடத்துல கழிச்சுக் கட்டினது. மெஷின்ல புராசஸர் ரைசன் 5 5600, கிராபிக்ஸ் கார்டு ஆர்.டி.எக்ஸ். 3060. முக்காவாசி வாலரண்ட், இடையில சி.எஸ்.2 (கவுன்டர்-ஸ்ட்ரைக் 2), ரெண்டுமே சுடுற கேம். தாமான்ல (குடியிருப்புல) ஃபைபர் இண்டர்நெட் இருக்கு. வாங்கலாமா, வேணாமா? "உன் காசு, உன் இஷ்டம்"னு மட்டும் எழுதாதீங்க, அது எனக்கே தெரியும்.

கிராணி_மகன்:
வேண்டாம். கணக்கைப் பார் தம்பி. 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் திரையில் நிற்பது 16.7 மில்லிசெகண்டு. 144-இல் 6.9. 240-இல் 4.2. ஆக, 60-இலிருந்து 144-க்கு ஏறினால் கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்டு மிச்சம். அதற்கு மேல் 240-க்கு ஏறினால் 3 கூட இல்லை. முதல் 10-ஐ இன்றைக்கு 500 வெள்ளி சுற்றியே வாங்கிவிடலாம். மிச்ச 3-க்கு நீ மேலே 2,500 கொடுக்கிறாய். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனதே 2025 பிப்ரவரியில்தான். இந்த மூவாயிரம் நம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவரின் ஒன்றே முக்கால் மாத உழைப்பு.

ஓலெட்_அக்கா:
கிராணி அண்ணே, கணக்குல தப்பில்ல. ஆனா பாதிக் கணக்குதான் போட்டிருக்கீங்க. படம் சீக்கிரம் வருதாங்கிறது ஒரு பக்கம். ஓடுற ஆள் தெளிவா தெரியிறானாங்கிறது இன்னொரு பக்கம். இந்தத் திரைங்க எல்லாமே அடுத்த படம் வர்ற வரைக்கும் பழைய படத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். நம்ம கண்ணு அதுக்காக நிக்காது, ஆளைத் தொடர்ந்து போய்க்கிட்டே இருக்கும். மங்கல் அங்கதான் வருது. வினாடிக்கு 960 பிக்சல் வேகத்துல ஒருத்தன் குறுக்க ஓடினா, 60 ஹெர்ட்ஸ்ல 16 பிக்சல் அகலத்துக்கு இழுபடுவான். 144-ல ஏழு. 240-ல நாலு. அதுவும் பிக்சல் உடனுக்குடன் நிறம் மாறினாத்தான். மலிவான வி.ஏ. பேனல்ல (எல்.சி.டி.யில ஒரு வகை) இருட்டு மூலையில ஆள் ஓடினா பின்னாடியே கறுப்பா ஒரு வால் வரும். ஓலெட்ல அது கிடையாது. நான் ஈப்போவுல ஓலெட்தான் வச்சிருக்கேன், திரும்பி எல்.சி.டி.க்கு வரமாட்டேன்.

பிஎஸ்5_மச்சான்:
எனக்கு ஒரே ஒரு கேள்வி. பிளேஸ்டேஷன் 5-க்கும் 240 வேணுமா?

ஓலெட்_அக்கா:
வேணாம் மச்சான். அது 120-க்கு மேல கொடுக்காது. உங்களுக்கு 120 போதும்.

பிஎஸ்5_மச்சான்:
நல்லது. சம்சா சாப்பிட்டுக்கிட்டே வேடிக்கை பார்க்கிறேன்.

கிராணி_மகன்:
அக்கா சொல்லும் தெளிவு உண்மைதான். ஆனால் வாலரண்ட் சர்வர் இருப்பது சிங்கப்பூரில். நம் ஊரிலிருந்து நல்ல ஃபைபரிலேயே பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) 20 மில்லிசெகண்டு சுற்றி வரும். வீட்டில் எல்லாரும் யூடியூப் பார்க்கும் நேரத்தில், வைஃபையில் அது எங்கே போய் நிற்கும் என்று தம்பிக்கே தெரியும். பிங் மேலும் கீழும் 15 ஆடும்போது திரையில் 3 மிச்சம் பிடித்து என்ன செய்வது? தோட்டத்துக்குள்ளே இன்னும் போன் லைனை வைத்துத்தான் ஆடுகிறார்கள். அவர்களிடம் போய் 240 ஹெர்ட்ஸ் பற்றிப் பேசிப் பாருங்கள்.

ஓலெட்_அக்கா:
இதை எல்லாரும் போட்டுக் குழப்புறாங்க. பிங் வேற, திரை வேற. மவுசை நகர்த்தினா குறி நகர்றது உங்க மெஷினுக்குள்ளயே நடக்குது, சிங்கப்பூர் போயிட்டு வந்து நகர்றதில்ல. எதிராளியைப் பார்த்து, குறியைக் கொண்டுபோய் வச்சு, சுடுற வரைக்கும் உங்க திரைதான் கணக்கு. சுட்டதுக்கு அப்புறம் சர்வர் பார்த்துக்கும், உங்க பிங்கைக் கழிச்சுத்தான் அது தீர்ப்பு சொல்லும். வைஃபை ஆடினா 30 வெள்ளிக்கு நீளமா ஒரு லேன் கேபிள் (இண்டர்நெட் ஒயர்) வாங்கி இழுங்க. அதைச் சாக்கு வச்சு மானிட்டரைக் குறை சொல்லாதீங்க.

கிராணி_மகன்:
லேன் கேபிள் 30 வெள்ளி என்பதுதான் என் கட்சியும். முதலில் 30 வெள்ளியில் தீரும் குறையைத் தீர்க்கட்டும், 3,000 பிறகு. இன்னொன்று. 2024-இல் ரியாத்தில் ஈஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பை நடந்தது. மொபைல் லெஜண்ட்ஸ் பட்டத்தை நம் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் ஜெயித்தார்கள். கையில் இருந்தது போன்.

ஓலெட்_அக்கா:
அது போன்ல ஆடுற கேம் அண்ணே! போன்லதான் ஜெயிப்பாங்க. இதென்ன வாதம்?

மாமாக்_மேசை:
நானும் ஒன்னு சொல்றேன். பெரிய போட்டிகள்ல மேசையில என்ன இருந்துச்சுன்னு பாருங்க. சி.எஸ். போட்டிகள்ல பல வருஷமா பென்க்யூ சோவி, 24.5 அங்குலம், 1080பி, டி.என். பேனல் (அதுவும் எல்.சி.டி. வகைதான்). நிறம் செத்துப்போன மாதிரி இருக்கும், ஆனா வேகம். ஆக 240 தேவையான்னு கேட்டா, தொழிலா ஆடுறவனுக்குத் தேவை. ஓலெட், 27 அங்குலம், 1440பி எல்லாம் கண்ணுக்கு அழகு. தம்பி ரெண்டையும் ஒரே பில்லுல போட்டுட்டு "கேமுக்கு வாங்குறேன்"னு சொல்றார்.

தோட்டத்து_ஸ்னைப்பர்:
அழகா இருந்தாலும் தப்பா அண்ணே? ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து உட்கார்ற இடம் அது ஒன்னுதான். சனிக்கிழமை அம்மா அதுலதான் படம் பார்க்கிறாங்க.

கிராணி_மகன்:
தப்பில்லை. ஆனால் இரண்டு வருடம் முன்பு இதே ஊரில் சைபர் கஃபே வைத்திருந்தவர் கடையை மூடியபோது மானிட்டர்களை எடைக்குப் போட்டார். அவையும் ஒரு காலத்தில் நல்ல விலைக்கு வாங்கியவைதான். திரை விலை இறங்கும் வேகத்துக்குச் சம்பளம் ஏறுவதில்லை. நம் பிள்ளைகள் ஆன்சுரானில் (தவணையில்) பொருள் வாங்கிப் பழகிவிட்டார்கள், அதுதான் எனக்குக் கவலை.

ஓலெட்_அக்கா:
அவர் போனஸ்ல வாங்குறார், ஆன்சுரான்னு யார் சொன்னது? அண்ணே, கேக்கிறேன்னு கோவிச்சுக்காதீங்க. தாமான்ல ஒருத்தர் காடிக்கு (காருக்கு) 2,000 வெள்ளி ரிம் மாட்டினா யாரும் தோட்டத் தொழிலாளி சம்பளத்தோட ஒப்பிட்டுக் கணக்குப் போடுறதில்ல. பையன் மானிட்டர் வாங்குறான்னா மட்டும் குலை வெட்டுறவர் கதை வந்துடுது. தோட்டத்துல பிறந்தவன் 60 ஹெர்ட்ஸ்லயே கிடக்கணுமா?

கிராணி_மகன்:
ரிம்முக்கும் நான் இதையேதான் சொல்வேன். என் மச்சானைக் கேட்டுப் பாருங்கள், அதனால்தான் அவன் என்னோடு பேசுவதில்லை.

ரிப்பேர்_அண்ணே:
டவுன்ல கடை வச்சிருக்கேன், நான் பார்த்ததை மட்டும் சொல்றேன். ரெண்டு பேரும் வீட்டைப் பத்தியே பேசல. தம்பி, உங்க ரூம் மாடியா? ஏர்கோன் (ஏ.சி.) இருக்கா? ஓலெட்டுக்குச் சூடும் ஆகாது, முழு வெளிச்சமும் ஆகாது, சீக்கிரம் தேயும். வாலரண்ட்ல மேல மூலையில மேப், கீழ தோட்டா எண்ணிக்கை, எப்பவும் அதே இடத்துல நிக்கும். அதுதான் பர்ன்-இன் (படம் திரையில நிரந்தரமாப் பதியிறது) வர்ற இடம். பல கம்பெனி இப்ப மூனு வருஷம் பர்ன்-இன் வாரன்டி கொடுக்கிறாங்க, வாங்குறதுக்கு முன்னாடி அந்த வரி எழுதியிருக்கான்னு படிங்க. உள்ளூர் வாரன்டியா, வெளிநாட்டுச் சரக்கான்னும் பாருங்க. ஒரு வாடிக்கையாளர் ஆன்லைன்ல மலிவா வாங்கினார். கோடு விழுந்துச்சு. விற்ற கடை பதிலே சொல்லல. அட்டைப்பெட்டியையும் பசார் மாலாம் (இரவுச் சந்தை) பழைய சாமான்காரர்கிட்ட போட்டுட்டார், பழுது பார்க்க கே.எல்.க்கு (கோலாலம்பூருக்கு) அனுப்ப வழியில்ல. பெட்டியை வச்சிருங்க.

அப்புறம் மின்னல். உலகத்திலேயே இடி மின்னல் அதிகமா விழுற நாடுகள்ல நம்ம நாடும் ஒன்னு. ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் சாயங்காலமானா என் கடைக்கு மோடமும் போர்டும் வரிசையா வரும். மூவாயிரம் வெள்ளிப் பொருளை அஞ்சு வெள்ளி எக்ஸ்டென்ஷன்ல சொருகாதீங்க. நல்ல சர்ஜ் புரொடெக்டர் போட்டாலும், வானம் கறுத்தா பிளக்கைப் பிடுங்கிடுங்க. ஓலெட்காரங்களுக்கு அதுலயும் ஒரு தொந்தரவு. ஆடி முடிச்சதும் அது தானா பிக்சலைச் சரிபண்ற வேலை ஒன்னு பார்க்கும், அதுக்குக் கரண்ட் இருக்கணும். பாதியில பிடுங்கினா அந்த வேலை நிக்கும்.

மாமாக்_மேசை:
அண்ணே, 3060 இழுக்குமா அதைச் சொல்லுங்க.

ரிப்பேர்_அண்ணே:
வாலரண்ட் இழுக்கும், அது புராசஸரை நம்பி ஓடுற கேம், 5600-க்கு 240 தாண்டும். சி.எஸ்.2-ல 1440பி-ன்னா 240 நிலையா நிக்காது. ஃபிரேம் (வினாடிக்கு வர்ற படம்) ஏறி இறங்கும்போது ஜி-சிங்க் (அந்த வேகத்துக்குத் திரையை ஒத்துப்போக வைக்கிறது) போட்டா, ஓலெட்ல இருட்டு இடங்கள் லேசா மினுக்கும். சிலருக்குத் தெரியாது, தெரிஞ்சவங்களுக்குத் தூக்கம் போயிடும். அக்கா மெஷின்ல பெரிய கார்டு இருக்கும், அதான் அவங்களுக்குப் பிரச்சினை வரல.

ஓலெட்_அக்கா:
4070 சூப்பர். ஆமா, மினுக்கல் இருக்கு, லோடிங் திரையில பார்த்திருக்கேன். ஆட்டத்துல ஃபிரேமுக்கு வரம்பு கட்டினா குறையும். ஏர்கோன் ரூம்தான் எனக்கு, அதையும் சொல்லிடுறேன். ஆனா 60-லிருந்து வர்றவருக்கு இதெல்லாம் ஒரு குறையாவே தெரியாது.

கிராணி_மகன்:
60-இலிருந்து வருபவருக்கு 180-உம் சொர்க்கமாகத்தான் தெரியும். நான் முதலில் சொன்னதும் அதுதானே!

தோட்டத்து_ஸ்னைப்பர்:
மாடி ரூம், ஃபேன் மட்டும்தான். சரி, முடிவு பண்ணிட்டேன். 27 அங்குலம், 1440பி, 180 ஹெர்ட்ஸ் ஐ.பி.எஸ். (இன்னொரு எல்.சி.டி. வகை) 700, 800 வெள்ளியில இருக்கு. அதையும் லேன் கேபிளும் வாங்குறேன். மிச்சக் காசுல ரூமுக்கு ஏர்கோன் போட முடியுமான்னு பார்க்கிறேன், அம்மாவும் ரொம்ப நாளா கேக்கிறாங்க. ஓலெட்டை அப்புறம் பார்த்துக்கலாம்.

ஓலெட்_அக்கா:
வருஷம் முடியறதுக்குள்ள இங்க வந்து "பழைய 180 விற்பனைக்கு"ன்னு போடுவ தம்பி. அப்ப நான் இருப்பேன்.

கிராணி_மகன்:
போட்டால் எனக்கு முதலில் சொல். என் மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

பிஎஸ்5_மச்சான்:
கிராணி அண்ணே 😂

ரிப்பேர்_அண்ணே:
தம்பி, மாட்டினதும் விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ல போய் 180 எடுத்து வைங்க. தானா 60-லயே நிக்கிறது உண்டு. 165 ஹெர்ட்ஸ் வாங்கி வருஷக்கணக்கா 60-லயே ஆடினவங்க மெஷினெல்லாம் என் கடைக்கு வந்திருக்கு. பெட்டியில வர்ற டிஸ்பிளேபோர்ட் கேபிளையே போடுங்க. கார்டுலதான் சொருகணும், மதர்போர்டுல இல்ல.