புதுப்பிப்பு: 45 − □ = 27
தொடக்கநிலை 2 படிக்கும் மகள், கழித்தல் குறியைக் கண்டாலே கூட்டிவிடுகிறாள், 45 − □ = 27க்கு 72 என்று எழுதுகிறாள் எனப் போன மாதம் கேட்டிருந்தேன். பலர் சொன்னபடி பார் மாடல் (எண்களைப் பட்டைகளாகக் காட்டும் படம்) வரைந்து பார்த்தோம். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1980களிலிருந்தே இருக்கும் முறைதான். நீளமான பட்டை முழு எண்; அதற்குள் இரண்டு துண்டு. □ − 18 = 27 என்றால் தெரியாதது முழுப் பட்டை, அதனால் கூட்டி 45. 45 − □ = 27 என்றால் தெரியாதது ஒரு துண்டு, கழித்தால் 18. "45 வெள்ளியில 72 வெள்ளி எப்படிம்மா செலவு பண்றது?" என்று அவளே சிரித்துவிட்டாள். விடையைப் பெட்டியில் போட்டுச் சரிபார்க்கத்தான் இன்னும் சோம்பல்! அப்புறம், துணைப்பாட வகுப்பு இப்போதைக்கு வேண்டாமென்று விட்டுவிட்டோம்.