ஆட்களைக் கலந்து எடுத்தால் என்ன லாபம்? சேலத்து அனுபவப் பகிர்வு

சூரமங்கலம், மில் நிர்வாகம்:
"தகுதி பார்த்தா போதாதா, எதுக்கு வேற வேற ஊர், சாதி, மதம், ஆண், பெண்ணுன்னு கலந்து எடுக்கணும்?" என்று கேட்டிருந்தீர்கள். தகுதி பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பார்ப்பதற்கு யார் கேட் வரை வருகிறார்கள்? நம்ம ஊரில் ஆள் சொல்லித்தான் ஆள் வருது. சொல்பவர் தன் ஊரையும் சொந்தத்தையும்தான் சொல்வார். ஒரு ஷிஃப்டை ஒரே ஊர்க்காரர்களால் நிரப்பினால், அந்த ஊர் மாரியம்மன் பண்டிகையன்று ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் இயந்திரம்) நிற்கும். பீகார் ஆட்களை மட்டும் நம்பினால் சத் பூஜைக்கு அதே நிலைமை. சூப்பர்வைசர் ஒருத்தர் கோபித்துக்கொண்டு போனால் அவர் பின்னாலேயே பத்துப் பேர் போவார்கள். காலியிடத்தைக் கேட்டிலும் ஐ.டி.ஐ.யிலும் ஒரே நாளில் ஒட்டுங்கள். தெரிந்தவர் மூலம் வருபவருக்கும் அதே தேர்வு வையுங்கள்.

கருப்பூர், ஐடி நேர்காணல்:
மில் சார் சொன்னது சரி, ஆனால் கேட்டைத் தாண்டினாலும் பெயர் தடுக்கும். தோரட், அட்டெவெல் என்ற இரு ஆய்வாளர்கள் 2007ல் வெளியிட்ட ஆய்வில், ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். மேல்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33.

அதனால் பெயர், அப்பா பெயர், ஊர், போட்டோ நான்கையும் விண்ணப்பத்தில் மறைத்து, எண் போட்டு நேர்காணல் செய்பவர்களிடம் கொடுங்கள். எல்லோருக்கும் அதே ஐந்து கேள்வி, அதே வரிசை. மதிப்பெண்ணைப் பேனாவால் எழுதி, தாளைக் கவிழ்த்த பிறகுதான் பேச்சு. இங்கேதான் பெரும்பாலும் கெடும்: நேர்காணல் குழுவில் பெரியவர் "பையன் நல்லாப் பேசறான்" என்றதும் பக்கத்துத் தாளில் 2 அடிபட்டு 4 ஆகும். டெஸ்டிங் (மென்பொருளில் பிழை தேடும்) வேலைக்கு ஆங்கிலப் பேச்சை அளக்காதீர்கள். 20 நிமிடம் கொடுத்து ஒரு பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளைகளின் திறமை அதில் தெரியும்.

அயோத்தியாப்பட்டணம், தொழிலாளர் நலம்:
எடுப்பதை விட நிற்க வைப்பதுதான் கஷ்டங்க. பன்னிரண்டு ஆண்கள் நடுவில் ஒரே ஒரு பெண்ணைப் போடாதீர்கள். அவர் போனதும் "பெண்கள் நிலைக்க மாட்டாங்க" என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்த்துப் போடுங்கள். 10 பேர் வேலை செய்தாலே பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு உள்ளகக் குழு வேண்டும். தலைவர் பெண், வெளியாள் ஒருவர் கட்டாயம். 50 பேர் என்றால் குழந்தைகள் காப்பகம்.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் 1:12. படி 15 செ.மீ. உயரம் என்றால் 180 செ.மீ. நீளம். அரை மீட்டர்ப் பலகையைச் சாய்த்து வைத்தால் நாற்காலி பின்னால் கவிழும். காது கேளாதவர் இருக்கும் இடத்தில் சைரனோடு சிவப்பு விளக்கும் வேண்டும்.

ஏற்காடு:
மலையிலிருந்து வருபவர்களையும் கணக்கில் வையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரணும். கடைசிப் பேருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பே ஷிஃப்ட் முடியணும், இல்லையென்றால் அடிவாரத்தில் தங்க இடம் கொடுக்கணும். மழையில் மண் சரிந்து ரோடு அடைத்த நாளுக்கு ஆப்சென்ட் போடாதீங்க, வேறொரு ஞாயிறு ஈடு செய்யக் கேளுங்க.