பூங்காவில் ஊரார் கூடிச் செய்யும் கலை: 'கூட்டாக்கம்' சரியா?

நண்பர்களே,

அக்கம்பக்கத்தார் கூடிப் பூங்காவில் செய்யும் கலையைப் 'பங்கேற்புக் கலை' என்றே எழுதி வருகிறோம். பங்கேற்பு என்றால் நிகழ்ச்சி வேறொருவருடையது; நாம் போய்க் கலந்துகொள்கிறோம். ஓவியர் கோடு போட்டுத்தர, பிள்ளைகள் உள்ளே வண்ணம் தீட்டுவதற்கு அது சரி. எந்தச் சுவர், என்ன உருவம், பிறகு பராமரிப்பது யார் என்பதையும் ஊராரே முடிவு செய்தால்? அதற்கு 'உடனாக்கம்' (உடன் சேர்ந்து ஆக்குவது) எனலாமா?

> உடனாக்கம்

ஐயா, 'உடனடியாக ஆக்கியது' என்றுதான் காதில் விழுகிறது. இந்த வேலையில் உடனடி என்று எதுவும் கிடையாது. புதுச் சிமெண்டுப் பூச்சை 28 நாள் விட வேண்டும். முந்திக்கொண்டு வண்ணம் அடித்தால் உப்புப் பூத்து உரிந்துவிடும். பின்புறம் செடிப்பாத்தி முட்டிநிற்கும் சுவரானால் எத்தனை நாள் விட்டும் பயனில்லை, மண்ணின் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும்.

'ஊர்கூடு கலை' அழகுதான். ஆனால் ஊர் கூடி இழுப்பது, ஏற்கெனவே செய்துவைத்த தேரை. 'கூட்டாக்கம்' என்பேன். கூட்டாக்குநர், கூட்டாக்கப் பட்டறை என்று சொல்லும் நீள்கிறது.

> கூட்டாக்கம்

எனக்கும் உடன்பாடு. சான் பிரான்சிஸ்கோவில் 16ஆம் அவென்யூ தெருப் படிக்கட்டின் 163 படிகளுக்கும் அக்கம்பக்கத்தார் கலைஞர்களோடு சேர்ந்து மொசைக் செய்தது (2005) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

துணைச்சொற்களும் வேண்டும். மொசைக் என்றால் நமக்குத் தரைதான் நினைவுக்கு வரும், 'சில்லோவியம்' வைக்கலாம். பட்டறையில் செய்வது 'சில்லுத்தாள்': 30 செ.மீ. சதுரக் கண்ணாடியிழை வலைமேல் 2–3 மி.மீ. இடைவெளி விட்டு ஓட்டுச் சில்லுகளை ஒட்டுவது. வலைக்கடியில் பாலித்தீன் விரிக்காவிட்டால் மேசையோடு பிடித்துக்கொள்ளும். சாதாரண வெள்ளைப் பசை வெளியிடத்துக்கு ஆகாது, மழையில் இளகிவிடும். நீர்தாங்கும் பசையையும் சில்லுக்கு ஒரு பொட்டுதான் வைக்க வேண்டும். வலை முழுக்கத் தடவினால் கண்கள் அடைபட்டு, சுவரில் பூசும் சிமெண்டுப் பசை சில்லின் முதுகைத் தொடாது. தாளோடு கழன்று விழும். பலர் செய்த தாள்கள் என்பதால் ஒவ்வொன்றின் பின்னும் எண்ணும் மேல்நோக்கிய அம்புக்குறியும் கட்டாயம்.

பதித்த மறுநாள் இடைவெளியில் நிரப்பும் சாந்துக்கு 'இடைச்சாந்து' போதும்.

> பராமரிப்பது யார்

இதை வரையறைக்குள்ளேயே வைத்துவிடுவோம். விழுந்த சில்லைத் திரும்பப் பதிக்க அதே ஓட்டில் கொஞ்சம் எடுத்துவைத்து, அது யார் வீட்டில் இருக்கிறது என்று ஊரார் எழுதிவைத்திருந்தால் அது கூட்டாக்கம். அதுவரை பங்கேற்புக் கலை என்றே இருக்கட்டும்.